இடதுபக்கம் இழுத்த விமானம்

கிரீன்லாந்தைத் தாண்டிய பிறகுதான் விமானம் இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. அதுவரை ஒழுங்காகத்தான் பறந்தது. கோயமுத்தூரில் கிளம்பி கல்கத்தா, பாங்காக், ஜப்பான், அலாஸ்கா, கனடா என்று ஒற்றை எஞ்சின் குட்டி விமானத்தை, நல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். கணினி விளையாட்டுத்தான். ஆனால் அதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதில் தூரம் நிஜ தூரம். வானிலை அந்தந்த ஊரில் அன்றைக்கு இருக்கிற வானிலை. ஐஸ்லாந்துக்கு நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐம்பத்து நாலு வயதுக்காரன் பகலெல்லாம் இப்படி உட்கார்ந்திருக்கக் காரணம் வேண்டுமல்லவா. வேலை இல்லை, அதுதான் காரணம். வீட்டின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு மிஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்திவந்தேன். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டி அனுப்பும், நாங்கள் பனியனாகத் தைத்துக் கொடுப்போம். ஆர்டர் மெலிந்தது, ஆள் நிற்கவில்லை, எனக்குப் பொறுமை போயிற்று. என் மனைவி தங்கை வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் உடுமலைப்பேட்டை போயிருந்தபோது பன்னிரண்டையும் விற்றுவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், அதனால் கேட்கவில்லை. அவற்றில் முதலில் வாங்கிய, துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மிஷின், கல்யாணமான புதிதில் அவளே உட்கார்ந்து ஓட்டியது.

திரும்பி வந்தவள் காலி ஹாலைப் பார்த்தாள். மிஷின்கள் நின்ற இடங்களில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சண்டை பிடிப்பாள் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் ஹால் கதவைச் சாத்திவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள். அடுத்த வாரமே ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் பிழை பார்க்கிற செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் "சாப்பிட வாங்க", "தண்ணி வந்துருச்சுங்க" என்ற அளவில்தான் எங்கள் பேச்சு. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கணினியையும், விமானத்தைத் திருப்புகிற பிடியான ஜாய்ஸ்டிக்கையும் நான் தூசி தட்டி எடுத்தது அப்போதுதான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்.

"இன்னைக்கு எங்க இருக்கீங்க?"

"அலாஸ்காவுல."

"குளிருமுங்களா?"

"குளிரும்."

அவ்வளவுதான், சமையலறைக்குள் போய்விடுவாள். அது அக்கறையா நக்கலா என்று எனக்கு விளங்கவே இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வரும்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் மிஷின் ஓடாது. யூனிட்டுக்கு யூனிட் மாவிலை கட்டி, பொரிகடலை படைத்து, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்திருப்பார்கள். எங்கள் யூனிட்டில் அந்த வேலை எப்போதும் அவளுடையது. பன்னிரண்டு மிஷினுக்கும், கத்தரிக்கோல்களுக்கும், ஸ்டெப்பிலைசருக்கும்கூட வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். இந்த வருஷம் அதைப் பார்க்கத் திராணியில்லை. குன்னத்தூரில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று முந்தின நாளே கிளம்பிவிட்டேன். ஓடிவிட்டேன் என்பதுதான் சரி. மூன்றாம் நாள் திரும்பி வந்து, கிரீன்லாந்தில் நிறுத்தியிருந்த விமானத்தைக் கிளப்பினேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த இழுப்பு.

முதலில் காற்று என்று நினைத்தேன். கணினியில் காற்றையே நிறுத்திவைத்துப் பார்த்தேன், அப்போதும் இழுத்தது. ஒற்றை எஞ்சின் விமானங்கள் மேலே ஏறும்போது இடதுபக்கம் இழுக்கத்தான் செய்யும் என்று எங்கோ படித்தேன், சமாதானமானேன். ஆனால் இது சமமாகப் பறக்கும்போதும் இழுத்தது, இறங்கும்போதும் இழுத்தது. துவைத்த பனியனில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்து நிற்குமே, அப்படி நான் நேராகப் போட்ட கோடெல்லாம் கோணிக்கொண்டு வேறெங்கோ போயிற்று. ஸ்காட்லாந்தில் ஒரு ஊருக்குப் போக வேண்டியவன் பெயர் தெரியாத தீவில் இறங்கினேன். ஜெர்மனி, துருக்கி என்று வழி நெடுக வலதுபக்கம் அழுத்திப் பிடித்து மணிக்கட்டு வீங்கியது. ஒருவேளை விமானத்தில் கோளாறே இல்லையோ, நான்தான் சாய்ந்து போய்விட்டேனோ என்றுகூடக் குழம்பினேன்.

மஸ்கட் வரைக்கும் வந்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கிருந்து கிளம்பும்போது விமானம் ஓடுதளத்தை விட்டு விலகி மணலுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. எடுத்து முகர்ந்தேன். சந்தனம்.

ஸ்க்ரூடிரைவரால் கழற்றினேன். பிடி வந்து சேருகிற குழியில் சந்தனம் காய்ந்து கட்டிதட்டி ஒரு பக்கமாக அடைத்திருந்தது. அதில் கொஞ்சம் குங்குமச் சிவப்பு, சுருங்கிப்போன ஒரு செவ்வந்தி இதழ்.

அதை அப்படியே சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது எப்படி உள்ள போச்சு?"

ஏறிட்டுப் பார்த்தாள். "பூசைக்குப் பொட்டு வெச்சேனுங்க. நீங்க பார்த்தா வைவீங்கன்னு அடுத்த நாளே ஈரத்துணியில தொடச்சுப்போட்டேன். உள்ள எறங்கிருச்சாட்ட இருக்குதுங்க."

"இதுக்குப் போயி எதுக்குப் பொட்டு?"

"வேற எதுக்குங்க வெக்கறது?" கத்தியைக் கீழே வைத்தாள். "எப்பவும் போலச் சந்தனத்தைக் கரைச்சு எடுத்துட்டுக் கீழ போயிட்டேன். கதவத் தொறந்ததுக்கப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. கரைச்சதைக் கொட்டறதுக்கு மனசு வரலீங்க. ஊட்டுல ஓடற மிஷினு அது ஒண்ணுதானுங்களே."

திட்டினாளா, வாழ்த்தினாளா, சும்மா நடந்ததைச் சொன்னாளா என்று புரியாமல் ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன். கையில் கிண்ணத்தோடு அவள் அந்தக் காலி ஹாலில் நின்றிருப்பாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. அந்த நேரத்தில் நான் குன்னத்தூரில் யார் வீட்டிலோ பொரி தின்றுகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உன்னையக் கேட்டுட்டுத்தான் வித்திருக்கோணும்," என்றேன். "கேக்காம வித்தது தப்பு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"இதைச் சொல்றதுக்கு உலகத்தையே சுத்திட்டு வரோணுமாங்க? கீழ எறங்கி வந்திருந்தாப் போதுமே," என்றாள்.