ராக்கெட்டை யார் பிடிப்பது

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஆகாது. கல்யாணமாகித் திருவொற்றியூர் வீட்டுக்குள் நான் கால் வைத்த நாளிலிருந்தே ஆகாது. வீட்டுக்காரரின் அக்கா, தனிக்கட்டை, எங்களோடுதான் இருக்கிறாள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து டோல்கேட்டில் விற்கிறாள். நான் வைக்கும் குழம்பைக் குறை சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் மகளின் பள்ளியில் ராக்கெட் பந்தயம் வைத்தார்கள். இழுத்துக் கட்டிய நைலான் நரம்பில் தொங்கியபடி ஓடும் சின்னத் தக்கை ராக்கெட். பின்னால் விசிறி, வயிற்றுக்குள் ரப்பர் பேண்டு. முறுக்கிய ரப்பர் பிரியும் வேகத்தில் விசிறி சுழன்று ராக்கெட் ஓடும். முறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் ராக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் ரப்பரை வெளியே இழுத்து நீட்டி முறுக்க வேண்டும். அதனால் பிள்ளையோடு ஒரு பெரியவர் வரலாம், ஒருவர்தான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அந்த ஒருவர் நான்தான் என்று முடிவு செய்து கம்பெனியில் லீவும் சொல்லிவிட்டேன்.

ரப்பரைத் தயார் செய்தது நான். சோப்புத் தண்ணீரில் அலசி கடையில் ஒட்டாமலிருக்கத் தூவியிருந்த மாவைப் போக்கி, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி டப்பாவில் மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் ரப்பர் ஊதிப்போய், வெந்த சேமியா மாதிரி கொழகொழவென்று கையோடு வந்தது. இன்ஜின் வாடை வேறு.

நாத்தனாரைக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. படகு இன்ஜினுக்கு வைத்திருந்த ஆயிலை எடுத்து ஊற்றினாளாம். இந்த வீட்டில் கதவுக் கீலுக்கும் அதுதான், தையல் மிஷினுக்கும் அதுதான்.

"வெளக்கெண்ணெ இன்னாத்துக்கு ஆவும்? நம்ம ஆயிலு போட்டா வழுக்கினு ஓடும்னு ஊத்னேன்," என்றாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இங்கே அந்தச் சலுகை நாத்தனாருக்கும் உண்டு. இதையே நான் செய்திருந்தால் தெருவே கூடியிருக்கும். வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

புது ரப்பர் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் ஒத்திகை. நான் ராக்கெட்டைப் பிடித்தேன். மகள் ரப்பரைக் கொக்கியில் மாட்டி, மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்து, கை டிரில்லால் முறுக்கிக்கொண்டே மெல்ல என்னை நோக்கி வந்தாள். பாதி முறுக்கில் நாத்தனார் வந்து கூடையை இறக்கினாள். இந்த விளையாட்டுக்குப் போய் லீவா என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குடிகெடுப்பவளே, பேசாதே என்று திரும்பிக் கத்தினேன். கை தளர்ந்துவிட்டது. ராக்கெட் பாய்ந்துபோய் மகளின் மணிக்கட்டில் அடித்தது.

மகள் அழவில்லை. சிவந்த கையை உதறிவிட்டு ராக்கெட்டைக் கீழேயிருந்து எடுத்தாள். நாத்தனார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கிப் பிடித்தாள். மகள் முழுக்க முறுக்கி முடிக்கும்வரை பிடி அசையவில்லை. வாயும் திறக்கவில்லை.

"நாளிக்கு அத்தையே வரட்டும்மா," என்றாள் மகள். "நீ கோவம் வந்தா வுட்டுர்ற."

மறுநாள் இருவரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். மத்தியானம் ஜெயித்துவிட்டு வந்தார்கள். மகள் கோப்பையை என் கையில் கொடுத்தாள். நாத்தனார் என்னைத் தாண்டி உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். திருப்பிச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது.