எங்கள் பலகையில் யானை இல்லை

போன வருஷம் ஒரு காலையில் எனக்கு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் ஊர் செஸ் கிளப்பில் காய்களுக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தமானில் எங்கள் ஊரான ஹட் பேயில் கப்பல் ரத்தானால் உடனே வீட்டுக்குத் திரும்ப யாருக்கும் மனம் வராது. மத்தியானம் விடலாம், நாளைக் காலை விடலாம் என்று ஜெட்டியின் பயணிகள் கூடத்திலேயே மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருப்போம். இன்னொரு தீவில், ரங்கத்தில், மின்துறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்க, கைக்குழந்தையோடு கிளம்பிய ஓர் ஆடி மாதத்தில் அப்படி மாட்டிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் ஜெட்டி ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வங்காளி. ஊரே அவரை தாதா என்று கூப்பிடும்; அவர்கள் மொழியில் அண்ணன். மெயின்லேண்டிலிருந்து வந்த என் தம்பி அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, தாதாகிட்டல்லாம் எதுக்குப் பழகுற?" என்று கவலைப்பட்டது தனிக் கதை.

தாதா பையிலிருந்து ஒரு செஸ் போர்டை எடுத்து விரித்தார். "கேல்னா ஹை, தீதி?" ஆடலாமா அக்கா என்று இந்தியில் கேட்டார். நான் ராமநாதபுரத்தில் கல்லூரி விடுதியில் ஆடியவள். சரி என்றேன்.

கொஞ்ச நேரத்தில், "ஆப்கா மந்திரி கயா", உங்கள் மந்திரி போச்சு, என்று மிரட்டினார். நான் அவசரமாக என் மந்திரியை நகர்த்திக் காப்பாற்றினேன். அவர் நிதானமாக என் ராணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"மந்திரின்னுதானே சொன்னீங்க?"

"ஏஹி தோ மந்திரி ஹை" என்று மடியிலிருந்த காயைக் காட்டினார்.

"இது ராணி!"

"ராணியா?" கடையில் கற்ற தமிழுக்கு மாறினார். "ராஜா வீட்ல உக்காந்து, ராணியை சண்டைக்கு அனுப்பும்? உங்க ஊர்ல அப்டியா?"

"ஊர்ல மட்டுமா, எங்க வீட்லயும் அப்படித்தான். அவர் ரங்கத்துல உக்காந்திருக்கார். நான்தான் புள்ளையத் தூக்கிக்கிட்டு கப்பலுக்கு அலையுறேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது.

அடுத்த சண்டை யானைக்கு. மூலையில் நிற்கிற காய் எனக்கு யானை. அவருக்கு அது நௌகா, அதாவது படகு. அவருடைய யானையோ நான் மந்திரி என்கிற காய். நின்றிருந்த தெலுங்குக்காரர்கள் என் பக்கம் பேசினார்கள், மலையாளிகள் அவர் பக்கம். யாரும் யானையை விடுவதாக இல்லை. கடைசியில் ராணியை எனக்கு விட்டுக்கொடுத்து, யானையை யாருக்கும் இல்லாமல் ஆக்கினோம். சரிவாகப் போகிற காயை இந்தி பேசுகிறவர்கள் சொல்கிறபடி ஊண்ட், ஒட்டகம், என்று வைத்துக்கொண்டோம். மூலைக் காய்க்கு போட். எங்களில் யார் வீட்டு வாசலிலும் ஒட்டகம் நடந்ததில்லை. போட் இல்லாமல் அரிசிகூட வந்ததில்லை.

இதுதான் எங்கள் கிளப்பின் தொடக்கம். கப்பல் வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. கப்பல் இல்லாத நாட்களில் கூடத்தைப் பூட்டத் தொடங்கியதும் தாதாவின் கடைக்குப் பின்னால் இருக்கும் கோடவுனுக்கு மாறினோம். சிமெண்ட் மூட்டைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். தகரக் கூரையில் மழை விழுந்தால் 'செக்' என்று கத்தினாலும் கேட்காது; மேஜையைத் தட்ட வேண்டும். தொலைந்துபோன ஒரு போட்டுக்குப் பதிலாக டுங்கி என்கிற மீன்பிடிப் படகின் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று இன்றும் நிற்கிறது. என் மகள் அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான் தவழ்ந்தாள், அங்கேயே ஆடக் கற்றாள். போன வருஷம் போர்ட் பிளேரில் நடக்கும் தேர்வுப் போட்டிக்குப் போகும் அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

பள்ளிக்கூட பி.டி. சார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், லீவு கிடைக்கவில்லை. கப்பல் கிளம்பிய பிறகு காற்று மாறியது. சாயங்காலம் ஊரில் டவர் போய்விட்டது. போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க வழியில்லை. மறுநாள் காலை ரத்த மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் ஒருமுறை சத்தம் போட்டது. மகளிடமிருந்து ஒரே ஒரு செய்தி.

'அம்மா, போட் போச்சு. ரெண்டும் போச்சு. நான் அழல.'

தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலையும் நாங்கள் போட் என்றுதான் சொல்வோம். இரண்டு என்றால் என்ன என்பதற்கு மனமே பதில் தேடிக்கொண்டது: கப்பலும், அதிலிருந்து இறக்கிய உயிர்காப்புப் படகும். திரும்பக் கூப்பிட்டேன், லைன் இல்லை. ஸ்கூட்டர் சாவி கையில் இருக்க, ஜெட்டி வரைக்கும் ஓடினேன். ஜெட்டியில் ஆள் இல்லை. தாதாவின் கடை திறந்திருந்தது.

"தாதா, போட் போச்சு! ரெண்டும் போச்சாம்!" என்று போனை நீட்டினேன்.

அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, "கௌன்ஸா போட்? சஃபேத் கி காலா?" என்றார். எந்த போட், வெள்ளையா கறுப்பா?

அவரை அடிக்கக் கை ஓங்கினேன் என்று இன்றும் சொல்லிக் காட்டுகிறார். எனக்கு நினைவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. தராசை விட்டுவிட்டு வந்து என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். "தீதி, சுனோ. ரெண்டு போட் போனா குழந்தை கேம் தோத்துடுச்சு. அவ்ளோதான். குழந்தை இருக்கு."

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே டவர் முழுசாக வந்தது. தேங்கியிருந்த செய்திகள் வரிசை மாறி விழுந்தன. 'சேர்ந்துட்டோம்.' 'சார் தோசை வாங்கித் தந்தார்.' 'நாளைக்கு மொத ரவுண்டு.'

ஊர் சிரித்தது. ரங்கத்திலிருந்து என் வீட்டுக்காரரும் சிரித்தார். என்னால் முடியவில்லை. மகள் இறங்கி வந்ததும், இனி போட்டி கிடையாது, கோடவுனோடு சரி என்று சொல்லிவிட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காய்களை அடுக்கிவிட்டு, தன் பக்கத்து போட் இரண்டையும் எடுத்து ஒரு பெயிண்ட் டப்பா மூடியில் வைத்தாள். அப்படியே ஆடத் தொடங்கினாள்.

"அரே, உன் போட் எங்க?" என்றார் தாதா.

"இங்கயே கெடக்கப் போறவளுக்கு போட் எதுக்கு தாதா?"

சொன்னது அவரிடம். கேட்க வேண்டியவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். பெரும்பாலும் தோற்றாள். சில நாள் ஜெயித்தாள். அந்த நாட்களில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வேறு வழி தேடினேன். மூலைக் காய்க்கு இனி கோட்டை என்று பெயர் வைப்போம் என்று கிளப்பில் கேட்டேன்.

"பேர மாத்தணும்னா மொதல்ல ஊண்ட்ட யானைன்னு மாத்து. அது எங்க யானை" என்றார் தாதா. பழைய சண்டை மறுபடி கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மகள் கேட்டாள்: "பேர மாத்திட்டா கடல் சும்மா இருக்குமாம்மா?"

பெயர் மாறவில்லை.

இந்த ஆடியில் தேர்வுப் போட்டி மறுபடி வந்தது. பி.டி. சார் என்னிடம் ஒருமுறைதான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் சோறு வடிக்கும்போதும், ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டைப் பார்க்கும்போதும் அந்த டப்பா மூடிதான் கண்ணில் நின்றது. என் பயத்துக்காக அவள் தன் ஆட்டத்தை நொண்டியாக்கிக்கொண்டிருந்தாள். சாரிடம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ஞாயிறன்று கோடவுனுக்குப் போனேன். அவள் வழக்கம்போல எடுத்து வைத்திருந்த ஒரு போட்டையும் ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, அவள் பக்கத்து மூலைகளில் வைத்தேன்.

"என்னம்மா பண்ற?"

"பேர் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை கப்பல்."

என்னையே பார்த்தாள். "நீயும் வர்றியா?"

"வரட்டுமா?"

"வேணாம். நீ வாந்தி எடுப்ப. நான் உன்னப் பாப்பேனா, போர்டப் பாப்பேனா?"

பயம் போய்விட்டதால் பெயர் கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது போகாது. அதை வைத்துக்கொண்டேதான் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கடல் மோசமில்லை, நன்றாகவும் இல்லை. கப்பல் கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். சேர்ந்துவிட்ட செய்தி அன்றே வந்தது.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தாதாவை எழுப்பி கோடவுனைத் திறக்கச் சொன்னேன். ஆட்டம் நடுவில் இருக்கும்போது போன் சத்தம் போட்டது. என் விரல் ஊண்ட்டின் மேல் இருந்தது. தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும். நகர்த்திவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

'அம்மா, போட் போச்சு.'

அந்த இடத்தில் நெஞ்சு நின்றது. இனியும் நிற்கும். ஆனால் கண்ணை எடுக்காமல் மீதியையும் படித்தேன்.

'ஒண்ணுதான். நானே குடுத்தேன். ஜெயிச்சுட்டேன்.'

சாப்பிட்டியா என்று பதில் அனுப்பினேன்.

"க்யா ஹுவா?" என்றார் தாதா.

"போட் போச்சாம்."

"சஃபேத் கி காலா?"

"கேக்கல. நீங்க ஆடுங்க தாதா, உங்க ராணி போகப்போறா."

"மந்திரி" என்றார் அவர்.