எந்த மங்களூர்?

இன்று அம்மாவோடு மாமா வீட்டுக்குக் கிளம்பினேன். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "மங்களூர், மங்களூர்" என்று கூவிக்கொண்டிருந்தார்.

அம்மா படியில் கால் வைக்காமல், "எந்த மங்களூருங்க?" என்று கேட்டாள்.

"நம்ம திட்டக்குடி மங்களூருதான் ஆயா. வேற எந்த மங்களூருக்குப் போவப்போறீங்க?" என்று அவர் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பீங்கான் சூளை வேலை வெறுத்துப்போனது. வெளி மாநிலத்தில் நிலம் வாங்கிக் குடும்பத்தோடு போய்விடலாம் என்று, ஆந்திராவா மைசூரா என ஒரு மாதம் கூட்டாளிகளோடு பேசினார்.

அம்மாவிடம் பேசியது ஒரே வரி: "மங்களூர்ல நெலம் பாத்துட்டேன், போயிடலாமா?"

தான் பிறந்த திட்டக்குடி மங்களூராச்சே என்று அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள். சேலம் போகும் ரயிலில் ஏறிய பிறகுதான் அது மைசூர் மாநிலத்து மங்களூர் என்று தெரிந்தது.

தன் தாய் செத்தபோது முகம் பார்க்கக்கூட அவளால் அங்கிருந்து வந்துசேர முடியவில்லை.

"உங்கம்மாவக் கேட்டுட்டுத்தானே கெளம்புனேன்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் அம்மாவை இப்படிக் ‘கேட்டு’ எடுத்த முடிவுகள் இருக்குமே, எழுதுங்கள்.