அம்மா கடித்த கருப்பட்டி

ஆவி, ஆத்மா என்று யாராவது பேச்சை எடுத்தால், வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியாத பனியில் கொழுந்து பறித்தே பாதி ஆயுசைக் கழித்தவள். பயந்து கொண்டிருந்தால் பிழைத்திருக்க முடியுமா? நீங்களும் நம்ப மாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

என் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பால் சேர்க்காத சாயத் தண்ணி குடிக்கும்போது கருப்பட்டித் துண்டை முன்பல்லால் இரண்டாகக் கடிப்பாள். ஒரு பாதியை வாயில் ஒதுக்கிக் கொள்வாள், மறு பாதியை முந்தானையில் முடிந்து வைப்பாள். மலையில் வேலை முடிந்து வந்ததும் அந்த முடிச்சு என் தம்பி முருகேசுக்காக அவிழும். நான் கை நீட்டினால், "நீ பெரியவ சரசு, ஒனக்கு எதுக்கு?" என்பாள். தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். என் மகள் கவிதா பிறந்தாள். முடிச்சு அவளுக்கு மாறியது. நடுவில் எனக்கென்று அது ஒரு நாளும் அவிழ்ந்ததில்லை.

அதற்காக அம்மாவைக் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்க நான் பெரட்டுக்கு ஓடியதும் கவிதாவைக் குளிப்பாட்டி, அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் தேய்த்து, பள்ளிக்கூடம் வரை கூட்டிப் போனவள் அவள்தான். அப்படி ஒரு மழை நாளில் பேத்தியின் பையைத் தூக்கிக்கொண்டு வழுக்கி விழுந்துதான் மேல்வரிசை முன்பல் ஒன்று போனது. ரத்தம் வழிந்த வாயோடு, பை நனையவில்லை என்று சந்தோஷப்பட்ட மனுஷி. அதன் பிறகு அவள் கடித்த கருப்பட்டியில் நடுவில் ஒரு சின்ன மேடு கடிபடாமல் நிற்கும். தம்பி அதைப் பார்த்ததில்லை. பல் போன பிறகு அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை.

கடைசியில் அம்மா படுக்கையில் விழுந்தாள். துடைத்தது, ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் நான். சாயங்காலமானால் அவள் கேட்பது மட்டும் ஒன்றுதான், "முருகேசு வந்தானா?" செத்ததற்கும் அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். கொள்ளி வைத்தது என் வீட்டுக்காரர்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு எங்கள் வழக்கப்படி படையல் போட்டோம். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் வெளியே இருக்க வேண்டும். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் ஆசை இருந்தது. முழுக் கருப்பட்டித் துண்டு ஒன்றை நானே இலையில் வைத்தேன். அம்மா, இந்த ஒரு தடவையாவது எனக்குக் கொடு என்று மனசுக்குள் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பொழுது சாய்கிற நேரம். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு, உள்ளே போக அந்த ஒரே கதவுதான். திறந்து பார்த்தால் சோறு வைத்தபடி இருக்கிறது, வடை இருக்கிறது, கருப்பட்டி மட்டும் பாதி. எலி என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? எடுத்துப் பார்த்தேன். கடிபட்ட ஓரத்தின் நடுவில் அந்தச் சின்ன மேடு. கவிதா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அழுதேன். பயத்தில் இல்லை. அம்மா தன் பாதியைத் தின்றுவிட்டு மறு பாதியை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து என் முறை வந்துவிட்டது. அதைத் தின்ன மனசு வராமல் பால்மா டின்னில் போட்டு மூடி வைத்தேன். அந்த வாரம் முழுக்க நான் சிரித்த முகமாக இருந்தேன் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.

அடுத்த வாரம் தம்பி வந்தான், முகமெல்லாம் வெளுத்துப்போய். உட்காரக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"கருமாதி அன்னிக்கு பொழுது சாயுற நேரம், கடையில கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தேன்க்கா. பையில என்னமோ கனமா இருக்கேன்னு கைய விட்டா, இது."

பாதிக் கருப்பட்டி. நான் டின்னை எடுத்து வந்து என்னுடையதை அதோடு வைத்துப் பார்த்தேன். மேடும் பள்ளமும் பொருந்தின. ஒரு துணுக்குக் கூடக் குறையவில்லை, நான் இலையில் வைத்த அதே முழுத் துண்டு.

"அம்மா என்னைய மறக்கலக்கா" என்று அவன் குழந்தை மாதிரி அழுதான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. செத்தவளால் தின்ன முடியுமா? இலையில் கிடந்தது அம்மா வழக்கமாக வாயில் ஒதுக்கிக்கொள்ளும் அவளுடைய பாதி. கொடுக்கிற பாதி கொழும்புக்குப் போய்விட்டது. கொள்ளி வைக்க வராதவனைத் தேடி அத்தனை தூரம் போகத் தெரிந்தவளுக்கு, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைத் தெரியவில்லை. பெற்ற தாய் செய்தாலும் துரோகம் துரோகம்தான். இதை நான் யாரிடமும் வாய் விட்டுச் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

தம்பி அந்தப் பாதியை இங்கேயே விட்டுவிட்டுப் போனான், வைத்துக்கொள்ளப் பயமாம். இரண்டும் அந்த டின்னில்தான் கிடக்கின்றன. மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, ஆனாலும் ஓர் எறும்பு அதன் பக்கம் வந்ததில்லை. தினமும் சாயங்காலம் அம்மா படத்துக்கு முன்னால் சாயத் தண்ணியும் ஒரு முழுத் துண்டுக் கருப்பட்டியும் வைக்கிறேன். விடிந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். இன்று வரை ஒரு பல் பட்டதில்லை. எறும்பு மட்டும் மொய்த்துக் கிடக்கிறது.