இணையதளத்துக்கு வேறு பெயர்

உரம் வாங்கக் காஞ்சிபுரம் போன இளவரசன் வீடு திரும்பவில்லை. போலீஸ் கைவிரித்த பிறகு அவன் மனைவி தேவிப்ரியா ஓர் இணையதளம் போட்டாள். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தளம் செய்யும் மென்பொருள் அங்கே பழகியதுதான். ‘இளவரசன் எங்கே’ என்று பெயர் வைத்தாள். அவன் படம், நெற்றித் தழும்பு, போட்டிருந்த பச்சைக் கட்டச் சட்டை, தன் போன் நம்பர். அந்த முகவரியை நோட்டீஸில் அச்சடித்து வேலூர் வரைக்கும் பஸ் நிலையங்களில் ஒட்டினாள்.

நிறைய பேர் கூப்பிட்டார்கள். திருத்தணி மலைப்படியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போனால் வேறு யாரோ. ஒவ்வொரு முறையும் மாமியார் எல்லம்மாளும் கூடவே கிளம்பிவிடுவாள், மகனுக்கு ஒரு மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு.

இந்தக் கோடையில் ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது எலும்புகள் கிடைத்தன. எல்லம்மாளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அவன்தான்.

காரியம் முடிந்தும் போன் வருவது நிற்கவில்லை. “அந்தப் பேரை மாத்திடு தேவி,” என்றார் இளவரசனின் அண்ணன் அர்ஜுனன். “ஜனங்க இன்னும் தேடிக்கினு இருக்குது.”

ஞாயிறு மத்தியானம் மடிக்கணினியைத் திறந்தாள். பெயர்க் கட்டத்தில் ‘எங்கே’யை அழித்தாள். ‘இளவரசன்’ மட்டும் நின்றது. ‘நினைவாக’ என்று சேர்த்துவிட்டு அதையும் அழித்தாள். பிறந்த தேதியைப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் போட இறந்த தேதி யாருக்கும் தெரியாது. தேதியை எடுத்துவிட்டு, கடைசியில் ‘நினைவாக’ என்றே திரும்ப அடித்தாள். பெயரை மாற்றினால் பழைய முகவரி திறக்காது, பரவாயில்லையா என்று மென்பொருள் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

சாயங்காலம் ஆரணியிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

“உங்க நம்பரை அதுல பாத்து முன்னயே குறிச்சி வெச்சிருந்தேன். நோட்டீஸ்ல இருக்குற அட்ரஸ் இப்ப ஓப்பன் ஆவலியேம்மா. ஆளு கெடச்சிட்டாரா?”

“கெடச்சிட்டாருங்க.”

“அப்பாடா. பஸ் ஸ்டாண்டுல அந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் மனசு கேக்காது. நல்லா இருங்கம்மா ரெண்டு பேரும்.”

“சரிங்க.”

எல்லம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். “எங்கனா பாத்தாங்களாமா?”

“இல்ல அத்தை. பேரை மாத்திட்டேன்.”

“அப்ப இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

எல்லம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். தேவிப்ரியா அவளைத் தொடக்கூட இல்லை. இருவரும் அன்றைக்கு விளக்குப் போடவில்லை, சாப்பிடவும் இல்லை.