பிழைக்க வந்தவன்

இன்று நான் சென்னையில் ஒரு கால்பந்து கிளப்பில் நடுக்கள ஆட்டக்காரன். அப்பா ஒடிசாவிலிருந்து அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் அரியலூரில்தான்.

செந்திலும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே ஆடினோம். நான் பந்தைக் கடத்திக் கொடுப்பேன். அவன் கோல் அடிப்பான். ஆட்டம் முடிந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "இன்னொரு ரொட்டி போடுங்கம்மா" என்று என் அம்மாவிடம் உரிமையோடு கேட்பான்.

பெரம்பலூரில் ஒரு கிளப் ஆள் எடுத்தது. சுற்றுவட்டாரப் பையன் ஒருவனுக்குத்தான் இடம். கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். பயிற்சியாளர் என் பெயரைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"அரியலூர் சார்."

அவர் நம்பாமல் செந்திலைப் பார்த்தார். "ஆமா சார்" என்று அவன் சொல்லியிருந்தால் போதும். அவனோ தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்க ஒடிசா சார். இங்க பொழைக்க வந்தவங்க" என்றான்.

இடம் அவனுக்குப் போனது.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வேறு கிளப் கிடைத்தது. ஒரு போட்டியில் எதிரெதிரே ஆடினோம். முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுடுடா. அன்னிக்கு அந்த எடத்த வுட மனசு வரல."

"பரவால்லடா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த இடத்துக்கு நானும் ஆசைப்பட்டவன்தானே. ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிட்ட அத்தனை வருடமும் 'பொழைக்க வந்தவங்க' என்ற அந்தச் சொல் அவனுக்குள் இருந்திருக்கிறது. அதை மட்டும் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.