செவ்வாய்க்கிழமைப் பக்கம்

"ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன். அதுக்குள்ள தொறக்கலேன்னா உன் லைனே வேண்டாம், தங்கச்சி."

தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கும் பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாற்பது பைகளின் படங்களை அன்று சாயங்காலத்துக்குள் வெளிநாட்டு வியாபாரியின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் மூன்று மாத உழைப்பை அந்த வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கப் போவதில்லை. தளமோ 'அனுமதி இல்லை' என்று ஒரே பிடியாக நின்றது.

அந்தக் கட்டடத்துக்கு இன்டர்நெட் லைன் ஒன்றுதான். எல்லாப் பட்டறைகளும் நான் வைத்த ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போன மாதம் சினிமா தளங்களை அடைத்தவளும் நானே. அதனால் பாய்க்குச் சந்தேகம். கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தார்:

"ரோட்டுல நின்னு போன்ல பாத்தா தொறக்குது. கம்ப்யூட்டரை ரோட்டுக்கா தூக்கிட்டுப் போவ முடியும்? தகரக் கூரைக்கடியில போன் சிக்னலும் இல்ல. நீதான் அடைச்சு வச்சிருக்க."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக மாதுங்காவிலிருந்து வந்து இவர்கள் லைனைப் பார்த்துக்கொள்கிறேன். அடைப்புப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். அந்தத் தளம் அதில் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். சர்வரை நிறுத்தி ஓட்டினேன். அப்போதும் அதே 'அனுமதி இல்லை'. எரிச்சலில் அந்தப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த தேதி கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி!

நாற்காலியிலேயே துள்ளினேன். ப்ராக்ஸி ஒருமுறை வந்த பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுபடி கேட்டால் அதையே எடுத்து நீட்டும். லைன் ஆமை வேகத்தில் ஓடிய காலத்தில், எது வந்தாலும் ஒரு வாரம் வைத்துக்கொள் என்று நான்தான் அதற்குச் சொல்லியிருந்தேன். அந்தத் தளமும் முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்புப் பூட்டுக் குறி இல்லாத பழைய ரகம், அதனால் சேமிப்பில் சிக்கிக்கொண்டது. செவ்வாயன்று பாய் பார்த்தபோது வியாபாரி இன்னும் கதவைத் திறந்திருக்கவில்லை. அதற்கப்புறம் திறந்துவிட்டிருக்கிறார், அதனால்தான் ரோட்டில் போனில் திறந்தது. என் சர்வர் மட்டும் ஃபிரிட்ஜில் இருந்த பழைய குழம்பையே சுடவைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தது.

சேமிப்பைத் துடைத்தேன். அந்த விதியையும் அழித்தேன். பக்கம் பளிச்சென்று திறந்தது.

பாய் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். அதில் அவர் பட்டறையின் பெயர் இருந்தது.

"அப்ப நீ அடைக்கலையா?"

"அடைச்சது நான்தான் பாய். வேணும்னு இல்ல."

பழைய பக்கம் சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னேன். பாய் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நாற்பதாவது பை ஏறும்வரை இருவரும் திரைமுன்னே உட்கார்ந்திருந்தோம். அன்று எனக்கு பஸ் ஏறத் தோன்றவில்லை. மாதுங்கா வீடு வரைக்கும் உற்சாகமாக நடந்தே போனேன்.